நீதிபதி மாட்டிய ஜன்னல்கள்

நீதிபதி வெண்டல் ரஸ்முசனுக்கு உயரம் என்றால் பயம். அவர் கதையை இங்கேதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அவர் சட்டம் படித்ததே அந்தப் பயத்தால்தான். அவருடைய அப்பா அமெரிக்காவின் வடக்கே இருக்கிற எங்கள் ஹால்வர் ஊரில் ரயில்பாதையை ஒட்டி நிற்கிற தானியக் கிடங்கை நடத்தியவர். மகனைப் பத்து வயதில் ஒருநாள் கிடங்கின் உச்சிக்கு ஏறி வரச் சொன்னாராம். பாதி ஏணியில் பையன் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் கிடங்கு ஆட்கள் ஏறிப்போய் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். இவன் கோதுமைக்கு ஆக மாட்டான், புத்தகத்தைப் பிடித்தாவது பிழைக்கட்டும் என்று அப்பா அன்றே கைகழுவிவிட்டார். இதை ஜட்ஜே சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போதுகூட கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊரிலிருந்து படிக்கப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. அவர் வந்தார். கூடவே மனைவி ஆர்டிஸையும் கூட்டி வந்தார். ஆர்டிஸ் பியானோ வாசிப்பவள், வாயும் அதற்குக் குறையாமல் வாசிக்கும். வேலித் தகராறு, உயில், பாகப்பிரிவினை என்று பல வருடம் வக்கீல் தொழில். பிறகு மாவட்ட அரசு வக்கீல். அதன்பின் மாநிலத்தின் செனட்டர் ஒரு வார்த்தை சொல்ல, தலைநகரிலிருந்து நியமனம் வந்தது. ஃபெடரல் நீதிபதி, அதாவது மத்திய அரசின் நீதிபதி. ஆயுள் முழுக்க. தானாக எழுந்தால் உண்டு, மற்றபடி வயதைக் காட்டி யாரும் எழுப்ப முடியாத நாற்காலி.

அந்த வருடம்தான் நான் அவருக்கு பெஞ்ச் கிளார்க்காகச் சேர்ந்தேன். என் பெயர் லவோன். கீழே தபால் நிலையம், மேலே மூன்றாம் மாடியில் எங்கள் கோர்ட். வழக்கைக் கூப்பிடுவது, சாட்சிக்குச் சத்தியம் செய்து வைப்பது, ஜட்ஜுக்குப் பசிக்கிறதா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது, எல்லாம் என் வேலை. வாழ்நாளில் என் வீட்டுக்காரன் கிளென்னைப் பார்த்ததைவிட அந்த மனிதரின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். கிளென்னுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

பதவி வந்ததும் முதலில் போனது சீட்டாட்டம். முன்னாள் ராணுவத்தினர் கிளப்பில் வியாழக்கிழமைதோறும் நாலு பேர் ஆடுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன் நாளைக்கே ஜூரியாக வந்து உட்காரலாம் என்று சொல்லி அதை நிறுத்தினார். அடுத்து, ஓட்டலில் தனி மேஜை. ஒருமுறை ஒரு விவசாயி போகிற போக்கில் இவர் தின்ற ஆப்பிள் பைக்குச் சேர்த்துப் பணம் கட்டிவிட்டான். விஷயம் தெரிந்ததும் தொப்பிகூட இல்லாமல் பனியில் அவன் வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தலைக்கனம் என்றது ஊர். பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று பயந்து, பாலையே விட்டுவிட்ட மனிதர் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அங்கி போட்டுக்கொண்டு அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு வேலையில்தான். வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை வாங்குகிறவர்களுக்குச் சத்தியம் செய்து வைக்கிற நாள் அது. கோழிப் பண்ணையில் வேலை பார்க்கிற சோமாலியாக்காரர்களும், ஆஸ்பத்திரியில் இருக்கிற பிலிப்பைன்ஸ் நர்சுகளும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வருவார்கள். ஜட்ஜ் மேடையை விட்டு இறங்கி வந்து ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார், இடுப்பில் இருக்கிற குழந்தைகளுக்கும் சேர்த்து. அன்று மட்டும் மதியம் இரண்டு சாண்ட்விச் சாப்பிடுவார்.

தண்டனை சொல்கிற நாளில் ஒன்றும் சாப்பிட மாட்டார். தண்டனை சொல்லும்போது அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்துச் சொல்வார். பத்து வருடமோ இருபது வருடமோ, கண்ணை எடுக்க மாட்டார். காகிதத்தைப் பார்த்துப் படித்தால், அந்தத் தண்டனை அவர் மனதுக்கு ஒப்பவில்லை என்று எனக்குப் புரிந்துவிடும்.

கர்டிஸ் ஹோவ்லிக்குக் காகிதத்தைப் பார்த்துத்தான் படித்தார்.

கர்டிஸின் அம்மா மேவிஸ், ஜட்ஜோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள், சீக்கிரமே புருஷனை இழந்தவள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லூத்தரன் கோயிலில் ஆராதனை முடிந்ததும், அடித்தளத்தில் எல்லோருக்கும் காபி ஊற்றுவது அவள்தான். கர்டிஸ் அவளுக்கு ஒரே பிள்ளை. கூரை வேய்கிற வேலை. நல்ல கைக்காரன். ஒருநாள் கூரையிலிருந்து விழுந்து முதுகு போயிற்று. முதுகுக்கு மாத்திரை, மாத்திரை நின்றதும் தெருவில் விற்கிற போதைத் தூள், தூள் வாங்கக் காசில்லாமல் அதையே விற்பது. அந்த வழி எங்கே போகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்ன அளவில் இரண்டு முறை பிடிபட்டான். மூன்றாவது முறை அளவு பெரிது. அந்தக் காலத்துச் சட்டம் மூன்றாவது முறைக்கு ஒரே ஒரு தண்டனைதான் வைத்திருந்தது. ஆயுள். எங்கள் கோர்ட்டில் ஆயுள் என்றால் சாகிறவரை. குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது.

வழக்கு வந்த முதல் நாளே, இவன் அம்மாவைப் பள்ளியிலும் கோயிலிலும் எனக்குத் தெரியும், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஜட்ஜ் மேடையிலிருந்தே கேட்டார். இரண்டு தரப்பும் இல்லை என்றன. இந்த ஊரில் அம்மாக்களைத் தெரியாத நீதிபதி வேண்டுமென்றால் அலாஸ்காவிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

தண்டனை நாள் செப்டம்பர் கடைசியில் வந்தது. மேவிஸ் முன்வரிசையில் மடியில் மகனின் குளிர்க்கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று ஜட்ஜ் வழக்கப்படி கேட்டார். அந்த இடத்தில் எல்லோரும் மன்னிப்பு கேட்பார்கள், சிலர் அழுவார்கள். கர்டிஸ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா வீட்டுக்கு வெளிஜன்னல் இன்னும் மாட்டலை ஐயா," என்றான். "வருஷா வருஷம் நான்தான் மாட்டுவேன். குளிர் வந்துடும். யாராவது பாத்துக்குவாங்களா?"

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு ஒற்றைக் கண்ணாடி போதாது. அக்டோபரில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே இன்னொரு கனத்த கண்ணாடி ஜன்னலைத் தூக்கி மாட்டி, மே மாதம் கழற்றிவிடுவோம். மாட்டாவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும்.

ஜட்ஜ் காகிதத்தை எடுத்தார், படித்தார், எழுந்து உள்ளே போனார். மேவிஸ் அழவில்லை. என்னிடம் வந்து, கோட்டை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். உள்ளே வாங்க மாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் ஜட்ஜ் என் மேஜைக்கு வந்து, கிளென்னின் ஏணி சனிக்கிழமை சும்மா இருக்குமா என்று கேட்டார். கிளென் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவன், ஏணி எப்போதும் வண்டியிலேயே இருக்கும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏறப்போவது யார் என்று மட்டும் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி, "நான்தான். நீ கீழே பிடிச்சுக்கோ" என்றார்.

மேவிஸின் வீடு இரண்டு மாடி. நாலாவது படியிலேயே அவர் கால் நடுங்குவது ஏணி வழியாக என் கைக்குத் தெரிந்தது. மேலே போய் ஒரு ஜன்னலை மாட்டிவிட்டு இறங்கி, புல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்ததற்கு ஏறினார். அதற்கு முன்பே காரில் எனக்குச் சட்டதிட்டம் போட்டிருந்தார். அவளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது. கைதியின் குடும்பத்தோடு நீதிபதிக்குப் பேச்சு வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்றார். ஜன்னல் பேசாது, அதனால் ஜன்னல் பரவாயில்லை என்பது அவர் கணக்கு. சட்டம் படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

மேவிஸ் இரண்டு கோப்பைக் காபியோடு பின்வாசலுக்கு வந்தாள். அவர் தொப்பியைத் தொட்டார், அவ்வளவுதான். அவள் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். கோப்பைகளைப் படியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். எனக்கு என்ன, நான் நீதிபதியா? என் கோப்பையைக் குடித்தேன். அவருடையது ஆவி அடங்கி, ஆறி, மேலே ஒரு இலை விழுந்து கிடந்தது.

அப்படியே ஒவ்வோர் அக்டோபரும். காபி வரும், ஆறும். மே மாதம் கழற்றவும் போவோம். அவள் கையால் காபி வாங்கக் கூடாது என்பதற்காகக் கோயிலையே மாற்றிவிட்டார். எங்கள் ஊரில் லூத்தரன் கோயில் இரண்டு, ஒன்றுக்கொன்று ஆகாது. ஆர்டிஸ் பழைய கோயிலில் ஆர்கன் வாசித்தவள். ஆண்டவருக்கே கோர்ட் மாற்றிய மனுஷன் என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஊராருக்கு ஏணி ஏறுகிறவர் தன் வீட்டு பல்பை மாற்ற ஆள் கூப்பிடுகிறார் என்றும் சொன்னாள். ஆனால் சனிக்கிழமைகளில் அவருடைய தடித்த கையுறையை எடுத்து வைப்பதும் அவள்தான்.

அறுபத்தைந்து வயது ஆனது. முழுச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகலாம், ஏரியில் மீன் பிடிக்கலாம், அவரோடு படித்தவர்களெல்லாம் அதைத்தான் செய்தார்கள். ஆர்டிஸ் பனியே இல்லாத அரிசோனாவில் ஒரே ஒரு குளிர்காலம் இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அங்கே மகள் இருக்கிறாள். இவர் அசையவில்லை. ஏன் இப்படி நாற்காலியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று நானே ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இந்தச் சட்டம் ஒருநாள் மாறும் லவோன்," என்றார். "மாறினா கர்டிஸ் மனு போடுவான். அது தண்டனை சொன்னவன் மேஜைக்குத்தான் வரும். நான் எந்திரிச்சுப் போயிட்டா, குலுக்கல்ல வேற யாருக்கோ போகும். அந்த வேற யாரோ அவன் முகத்தைப் பாத்ததில்ல. ஜன்னலைப் பத்தி அவன் கேட்டதைக் கேட்டதில்ல."

உள்ளே ஒருவன் ஆயுள், வெளியே ஒருவர் ஆயுள். இரண்டு பேரும் ஒரே நாளுக்காகக் காத்திருந்தார்கள். மேவிஸும்தான். அவள் கொண்டுவந்து வைத்த ஒவ்வொரு கோப்பையும் ஒரு மனுதான், எனக்கு அப்போதே அது தெரிந்தது.

ஆர்டிஸ் அரிசோனாவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து கோயில் அடித்தளத்தில் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறினோம். மேவிஸ் வந்திருந்தாள். கடைசி மேஜையில் உட்கார்ந்தாள், அவர் பக்கம் வரவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரிடம் பள்ளித்தோழி ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்குச் சட்டப் புத்தகங்களையெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டிருப்பேன்.

பிறகு, அவருக்கு எண்பதை நெருங்கும்போது, காதில் கருவியும் கையில் தடியும் வந்த பிறகு, சட்டம் மாறியது. மூன்றாவது முறைக்கு ஆயுள் என்பது போயிற்று. பழைய கைதிகளுக்குத் தானாகக் குறையாது. ஆனால் தக்க காரணம் காட்டி அவர்களே மனுப் போடலாம், நீதிபதி மனது வைத்தால் விடலாம். சில மாதங்களில் கர்டிஸின் மனு வந்தது. அவர் மேஜைக்கே வந்தது. சிறையில் அவன்மேல் ஒரு புகார் இல்லை, இளையவர்களுக்குத் தச்சுவேலை சொல்லிக்கொடுக்கிறான் என்று அவனுடைய வக்கீலம்மா எழுதியிருந்தார். அன்று ஜட்ஜ் தன் அறையில் ஆர்டிஸ் வாசித்து வந்த பாட்டு ஒன்றை மூக்கால் பாடிக்கொண்டிருந்தார். விசாரணைக்கு நாள் குறித்தார். கர்டிஸின் கோட்டை மேவிஸ் சலவைக்குப் போட்டுவிட்டாள் என்று ஊரில் பேச்சு.

விசாரணைக்கு முந்தின நாள் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஜன்னல் விஷயத்தை நாளைக்குச் சொல்லணும்," என்றார்.

நான் கதவைச் சாத்தினேன். "யார் கேட்டா ஐயா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். நாளைக்கு ஒருநாள் வாயை மூடிக்கிட்டு இருங்க. அவன் வீட்டுக்கு வரட்டும். அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லுங்க, நானே தமுக்கு அடிக்கிறேன்."

"ஜூரியில உக்கார வர்றவங்ககிட்ட எத்தனை வருஷமா கேட்டிருக்கேன்? இந்தக் குடும்பத்துக்கு ஏதாவது உதவி செஞ்சிருக்கீங்களான்னு. ஆமான்னு உண்மையைச் சொன்னவங்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருக்கேன் லவோன். நான் மட்டும் சொல்லாம உக்காரலாமா?"

பேசவில்லை, காபி குடிக்கவில்லை, அது போதாதா என்று கேட்டேன். அது போதும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்தேன், ஆனால் போதுமா என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது, அவர்கள் சொல்லட்டும் என்றார். முதல் நாள் பள்ளித்தோழி என்று சொன்னபோது ஆட்சேபம் இல்லை என்றார்களே, அதே மாதிரி இதற்கும் சொல்லிவிடுவார்கள் என்று அவர் மனதார நம்பினார். தியாகம் செய்யப் போகிற முகம் இல்லை அது. நாளைக்கு ஒருவனை வீட்டுக்கு அனுப்பப் போகிற முகம்.

மறுநாள் கர்டிஸை சிறையிலிருந்து திரையில் காட்டினார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. மேவிஸ் முன்வரிசையில், மடியில் அதே கோட்டு. ஜட்ஜ் எல்லாவற்றையும் சொன்னார். எந்த வருடத்திலிருந்து, யாருடைய ஏணி, யார் பிடித்துக்கொண்டது, ஆறிப்போன காபி உட்பட.

திரையில் கர்டிஸ் முன்னால் சாய்ந்தான். "நீங்களா மாட்டினது?" என்றான். "பக்கத்து வீட்டுக்காரர்னு அம்மா சொன்னாங்க."

சிறைத் தொலைபேசியில் பேசுவதையெல்லாம் பதிவு செய்வார்கள். அதற்குப் பயந்து பெற்ற மகனிடம்கூட அவள் சொல்லவில்லை. அவளும் தன் பங்குக்கு வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வக்கீலம்மா உடனே எழுந்து எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அரசு வக்கீல் இளம்வயசுக்காரன், நல்ல பையன், குடியுரிமை நாளில் நாற்காலி எடுத்துப் போடுகிறவன். அவன் கொஞ்சம் அவகாசம் கேட்டு வெளியே போய் மேலதிகாரிகளோடு போனில் பேசினான். திரும்பி வந்தபோது யாரையும் பார்க்கவில்லை. அரசுத் தரப்பு சம்மதம் தர இயலாது என்று சொன்னான். அந்தச் சம்மதம் இல்லாமல் அவர் அந்த வழக்கைத் தொட முடியாது.

ஜட்ஜ் ஒரு காகிதத்தை எடுத்து, தான் இந்த வழக்கிலிருந்து விலகுவதாக எழுதினார். எழுதியதைப் படித்தார். காகிதத்தைப் பார்த்தேதான் படித்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

குலுக்கலில் மனு தெற்கே பெரிய நகரத்து நீதிபதி ஒருவருக்குப் போனது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. காகிதங்களைப் படித்தார், இது தக்க காரணம் ஆகாது என்று ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார். அவரை நான் ஏசவில்லை. அந்தச் சட்டத்தை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். எங்கள் ஜட்ஜ் அப்படிப் படித்திருப்பார். அதற்காகத்தான் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் வந்தது. போகத்தான் வேண்டுமா என்று கேட்டேன். குளிர் வருமே என்றார். போனோம். கீழ்வரிசை ஜன்னல்களை மாட்டி முடித்தபோது மேவிஸ் கோப்பைகளோடு வெளியே வந்தாள். இந்த முறை படியில் வைக்கவில்லை. அவர் எதிரே வந்து நீட்டினாள்.

"இப்ப குடிக்கலாம்ல, வெண்டல்?"

அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஊரில் அப்போது அவள் ஒருத்திதான் மிச்சம். அவர் வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பாதி கால்சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் பையன் கேட்டான், நீ செஞ்ச," என்றாள். "நீ ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. ஆர்டிஸ் செத்ததுக்குக்கூட உன்கிட்ட வந்து துக்கம் கேக்கல. அப்புறம் தப்பு எங்க, வெண்டல்?"

அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிர்ல கிடந்திருப்பேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "போர்வையைப் போத்திக்கிட்டு அடுப்புகிட்ட உக்காந்திருப்பேன். செத்தா போயிருப்பேன்? நீ வராமலே இருந்திருக்கலாம்."

"ஆமாம் மேவிஸ்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு கோப்பையை வைத்துவிட்டு, மேல்வரிசைக்கு ஏணியைச் சாய்க்கச் சொன்னார். வேண்டாம் என்று நாங்கள் இருவருமே சொன்னோம். கேட்கவில்லை. பாதி ஏறினார். அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கிளென்னுக்குப் போன் செய்தேன். அவன் வந்து ஏறி, முதுகுப்புறம் அணைத்து, ஒவ்வொரு காலாகப் பிடித்துப் படியில் வைத்து இறக்கினான். அவர் இறங்கும்வரை மேவிஸ் ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே நாற்காலியை விட்டு எழுந்தார். இனி அதில் உட்கார்ந்திருக்க என்ன இருக்கிறது? வசந்தத்தில், ஏரியில் பனி உடைகிற வாரத்தில், தூக்கத்தில் போய்விட்டார். அடக்கத்துக்குக் கவர்னர் வந்தார், எத்தனையோ நீதிபதிகள் வந்தார்கள், நேர்மைக்கு இலக்கணம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அடித்தளத்தில் காபி ஊற்றியது மேவிஸ். அவர் மாறிப்போன அந்தக் கோயில் அவளுடையது இல்லை, ஆனாலும் கேட்டு வாங்கி ஊற்றினாள்.

போன அக்டோபரில் கிளென்னும் நானும் ஏணியோடு அவள் வீட்டுக்குப் போனோம். சொல்லிவிட்டுப் போகவில்லை, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தோம். கிளென் ஏணியின் கட்டை அவிழ்க்கும்போது அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"லவோன், நீ இன்னும் கோர்ட்லதானே வேலை பாக்கறே?"

ஆமாம், புது ஜட்ஜுக்கு என்றேன்.

"அப்ப ஏணியை இறக்காதே. கர்டிஸ் மறுபடி மனு போட்டிருக்கான்."

மனு போயிருப்பது தெற்கே இருக்கிற நீதிபதிக்கு, நான் வெறும் கிளார்க், இதில் ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்றுதான் வெண்டலும் நினைத்தான் என்றாள். பக்கத்து வீட்டுக்காரராவது மாட்டட்டுமே என்றேன். அவர் தம்பி போலீஸில் இருக்கிறான் என்றாள். கோயில் பையன்களை அனுப்புகிறேன் என்றேன். யாருமே வேண்டாம், யாரும் எனக்கு எதுவும் செய்யாதீர்கள் என்றாள்.

"குளிர் வந்துடும் மேவிஸ்."

"வரட்டும். உன் வண்டி இங்க நிக்கறதை யாராவது பாக்கறதுக்குள்ள கிளம்பு."

அவள் உடம்பில் கர்டிஸின் கோட்டு இருந்தது, வீட்டுக்குள்ளேயே, கழுத்துவரை பொத்தான் போட்டு. காபி கொண்டுவரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். கிளென் ஏணியைத் திரும்பக் கட்டினான்.

இப்போது ஜனவரி. வேலைக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் உள்பக்கமே உறைபனி பிடித்து வெள்ளையாக இருக்கின்றன, சமையலறை ஜன்னலில் மட்டும் கையால் துடைத்த மாதிரி ஒரு வட்டம். நான் வண்டியை நிறுத்துவதில்லை. கையும் அசைப்பதில்லை. மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.